டேட்டா ரெக்கவரிக் கருவி வாங்கப் போகும் கல்முனைத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கல்முனையில் ஆறு வருடமாகக் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறீர்கள். மாதத்தில் நாலைந்து பேர் பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு வந்து, உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்கிறார்கள். இதுவரை கொழும்புக்கு அனுப்பி வந்தீர்கள். இனி நீங்களே செய்யலாம் என்று பிசி-3000, எம்ஆர்டி, டிஎஃப்எல் என்ற தரவு மீட்கும் கருவிகள் மூன்றில் ஒன்றை வங்கிக் கடனில் வாங்க யோசிக்கிறீர்கள். எது நல்லது, எவருடைய சப்போர்ட் நம்பலாம் என்று கேட்கிறீர்கள். மேசையில் இப்போது ஒரு கல்யாண ஸ்டூடியோவின் ஒரு டெராபைட் சீகேட் ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது, அது கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து ஓடிவிட்டு நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு டவுனில் 2010 முதல் இந்த வேலை செய்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த வருடம் கடன் எடுக்க வேண்டாம். முதலில் பழுதான டிஸ்க்கை மேலும் பழுதாக்காமல் பிரதி எடுக்கும் வேலையை வடிவாகப் பழகுங்கள், அதற்கான கருவியை வாங்குங்கள். ஃபேர்ம்வெயர் (டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) வேலைக்கான பெரிய கருவி அதற்குப் பிறகு வரட்டும். அதை வாங்கும் நேரத்தில் எத்தனை மாடல்களைத் தாங்கும் என்ற பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் மாட்டுப்பட்டு நிற்கும்போது யார், எத்தனை மணிக்கு, என்ன பதில் தருவார்கள் என்று பாருங்கள்.

ஏன் பிரதி எடுப்பதை முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் வரும் டிஸ்க்குகள் அப்படி. என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி ஒன்றில் தவறுதலாக அழித்தது, ஃபோர்மட் பண்ணியது. இல்லையென்றால் ஹெட், அதாவது தட்டிலிருந்து தரவை வாசிக்கும் முனை, பலவீனமாகி, செக்டர்கள் என்ற சின்னத் தரவுப் பகுதிகளை வாசிக்க மறுப்பது. முழுக்க ஃபேர்ம்வெயர் குழம்பி வருவது குறைவு. ஹெட் செத்து, திறந்துதான் ஆகவேண்டும் என்ற நிலையில் வருவதும் உண்டு. அதற்கு வடிகட்டிய காற்று ஓடும் மேசை வேண்டும், உதிரிப் பாகம் எடுக்க அதே குடும்பத்து டோனர் டிஸ்க் வேண்டும், நல்ல கைப்பழக்கம் வேண்டும். ஹெட் தட்டுக்கு மேலே சில நனோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. எங்கள் கடைத் தூசிக்குள் மூடியைக் கழற்றினால் அந்த டிஸ்க்கின் கதை அதோடு சரி.

கரையோரத்துக்கென்று ஒரு பழுது இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கல்லடியிலிருந்து மருதமுனை, காரைதீவு வரைக்கும் உப்புக் காற்று. கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டு டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்ட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஹெட்டுக்குப் போகும் தொடுபுள்ளிகள் பல நேரம் கறுத்துப் போயிருக்கும். டிஸ்க் சுழலும், டக் டக் என்று அடிக்கும், பார்ப்பவர் ஹெட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். வெள்ளை அழிரப்பரால் அந்தப் புள்ளிகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் பூட்டினதும் எழும்பிய டிஸ்க்குகளை என் கையால் கண்டிருக்கிறேன். கருவிக்குக் காசு கொட்டும் முன் இதைப் பாருங்கள். போர்ட்டே எரிந்திருந்தால் அதே மாதிரி இன்னொரு போர்ட்டை வாங்கிப் பூட்டினால் மட்டும் போதாது. பழைய போர்ட்டில் இருக்கும் சின்ன எட்டுக்கால் ரோம் சிப்பில் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் இருக்கும், அதையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். சில போர்ட்டுகளில் ரோம் தனிச் சிப்பாக இராமல் கொன்ட்ரோலர் என்ற பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும், அப்போது வேலை கூடும்.

சரி, பிரதி எடுப்பதற்கு வருவோம். உங்கள் சீகேட்டையே எடுங்கள். அதை விண்டோஸில் மாட்டினால் விண்டோஸ் சும்மா இராது. கோப்புப் பட்டியலை வாசிக்கும், சரிபார்க்கட்டுமா என்று கேட்கும், வாசிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முட்டும். லினக்ஸ் கொஞ்சம் ஒழுக்கமானது. ஆனால் அதுவும் பதில் தராத ஒரு கட்டளைக்கு வழமையாக 30 விநாடி காத்திருக்கும். ஆயிரம் கெட்ட செக்டர் இருந்தால் 30,000 விநாடி, அதாவது எட்டு மணித்தியாலத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்கப் பலவீனமான ஹெட் ஒரே இடத்தில் நின்று முட்டுப்படுகிறது. நல்ல இமேஜர், அதாவது பிரதி எடுக்கும் கருவி, என்ன செய்யும்? 300 மில்லிவிநாடிக்குள் பதில் வராவிட்டால் கட்டளையை வெட்டி, டிஸ்க்கை ரீசெட் பண்ணி, அடுத்த இடத்துக்குத் தாவும். அதே ஆயிரம் செக்டருக்கு ஐந்து நிமிடம். டிஸ்க் தொங்கிப் போனால் கரண்டைத் தானே நிறுத்தித் திரும்பப் போடும். நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். தொழில்முறைக் கருவிக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பாதி இந்த ஒரு வேலைக்குத்தான் என்று நினையுங்கள்.

இதைக் காசில்லாமலும் பழகலாம். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற பிரதி எடுக்கும் மென்பொருள் இருக்கிறது. எந்தெந்த இடம் வாசித்தாயிற்று என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் இருந்ததே, அந்தக் காலத்தில் என் வேலை ஓடியது அந்தக் குறிப்புக் கோப்பால்தான். அதைவிட ஒரு படி மேல் எச்டிடி சூப்பர்குளோன். அது கொம்பியூட்டரில் இருக்கும் டிஸ்க் கொன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசும், காத்திருக்கும் நேரத்தை நீங்கள் வைக்கலாம், மந்தமான ஹெட்டை உணர்ந்து தாவும், யூஎஸ்பி ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஒன்றைப் பூட்டினால் டிஸ்க்கின் கரண்டையும் நிறுத்தித் திரும்பப் போடும். ஒரு காலத்தில் காசுக்கு விற்றார்கள், இப்போது இலவசம். ஒரு பழைய மேசைக் கொம்பியூட்டர், டிஸ்க்கை நேரே மதர்போர்ட்டில் பூட்டும் சாட்டா இணைப்பு, நல்ல யூபிஎஸ், இந்த இரண்டு மென்பொருள். இவ்வளவோடு ஆறு மாதம், கடையில் கிடக்கும் ஆருக்கும் வேண்டாத டிஸ்க்குகளில் பழகுங்கள்.

பிரதி கைக்கு வந்த பிறகு கோப்புகளை எடுக்க ஆர்-ஸ்டூடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், டிஎம்டிஇ என்ற மென்பொருள்கள் மூன்றும் நல்லவை. தொடங்குபவருக்கு நான் டிஎம்டிஇயைத்தான் சொல்வேன். விலை குறைவு, இலவசப் பதிப்பிலேயே ஒரு தரத்தில் ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 கோப்பு வரை எடுக்கலாம். ரெயிட் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்தது), நாஸ் பெட்டி (நெட்வேர்க்கில் பூட்டும் டிஸ்க் பெட்டி) என்று வந்தால் யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர்.

இனி பெரிய கருவிகள். பிசி-3000 ஏஸ் லேப் என்ற நிறுவனத்தின் கருவி. ரஷ்யாவில் 1990களின் தொடக்கத்தில் கிளம்பியவர்கள், ஐரோப்பிய அலுவலகம் பிராக்கில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்பது கொம்பியூட்டருக்குள் பூட்டும் கார்ட், போர்ட்டபிள் என்பது கொண்டு திரியும் பெட்டி. டேட்டா எக்ஸ்ட்ராக்டர் என்ற பகுதி சேர்ந்தால்தான் முழுப் பயன். எந்த செக்டர் எந்த ஹெட்டுக்குச் சொந்தம் என்ற வரைபடத்தை அது கட்டும். நாலு ஹெட்டில் ஒன்று நோயாளி என்றால் மற்ற மூன்றையும் முதலில் அள்ளிவிட்டு, நோயாளிக்குத் தேவையான கோப்புகளுக்காக மட்டும் போகலாம். டிஸ்க் தனக்காக ஒதுக்கி வைத்திருக்கும் சர்வீஸ் ஏரியாவுக்குள் புகுந்து பழுதான பகுதிகளைத் திருத்துவதில் இதற்கு ஈடான கருவியை நான் காணவில்லை. விலை ஆயிரக்கணக்கான டாலர். எம்ஆர்டியும் டிஎஃப்எல்லும் சீனாவிலிருந்து வருபவை, விலை குறைவு, வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் பொதுக் குடும்பங்களில் நன்றாகவே வேலை செய்யும். டிஎஃப்எல் ஒவ்வொரு கொம்பனி டிஸ்க்குக்கும் தனித்தனியாகவும் கருவி விற்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், தொடங்குபவருக்கு அது வசதி. புதிய மாடல் சந்தைக்கு வந்த பிறகு அதற்கான வழி முதலில் கிடைப்பது பெரும்பாலும் பிசி-3000இல்தான் என்பது என் அனுபவம்.

கனடாவின் டீப்ஸ்பார் வேறு மாதிரி. அவர்களுடைய டிஸ்க் இமேஜர் பிரதி எடுப்பதற்கென்றே செய்தது, பலவீனமான டிஸ்க்கில் அதன் பொறுமையை நான் மெச்சுகிறேன். அவர்களுடைய ரேப்பிட்ஸ்பார் என்ற சின்னக் கருவி உங்களைப் போல் பொதுவான திருத்தக் கடைக்காரருக்காகவே வந்தது. இணையத்தோடு தொடர்பு கொண்டு, சில பொதுவான ஃபேர்ம்வெயர் பழுதுகளைத் தானே கண்டு சரிசெய்யப் பார்க்கும். கையில் காசு இருந்து, ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் உங்களுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். அடோலா கருவிகள் பொலிஸ், நீதிமன்றத் தடயவியல் வேலைக்கு ஏற்றவை, உங்கள் கடைக்குத் தேவையில்லை.

சப்போர்ட் பற்றி யாரும் வடிவாக எழுதுவதில்லை. முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சீனா எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அவர்கள் காலை ஒன்பதுக்குத் திறந்தால் எங்களுக்கு ஆறரை, மாலை ஆறுக்கு மூடினால் எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை. பிராக் குளிர்காலத்தில் எங்களை விட நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, ஆகவே அவர்களின் ஒன்பது மணி எங்களுக்குப் பின்னேரம் ஒன்றரை, மாலை ஆறு எங்களுக்கு இரவு பத்தரை. கடை மூடிய பிறகு அமைதியாக இருந்து வேலை செய்பவர்களுக்கு அது நல்ல நேரம். கனடாவின் கிழக்குப் பக்கம் குளிர்காலத்தில் எங்களை விடப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு, அவர்களின் வேலை நேரம் தொடங்குவதே எங்களுக்கு இரவு ஏழரைக்கு. சீனப் புதுவருடத்தில் ஒரு கிழமைக்கு மேல் பதிலே வராது. நத்தாருக்கு மற்றப் பக்கம் அப்படி. வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்கும்போது இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

அடுத்தது, எப்படி உதவுகிறார்கள் என்பது. சீனக் கொம்பனிகள் தூரத்திலிருந்து உங்கள் கொம்பியூட்டருக்குள் வந்து தாங்களே செய்து காட்டத் தயங்குவதில்லை. அது பெரிய உதவி, ஆனால் அவர் வேகமாக அழுத்திக்கொண்டு போவார், நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், அடுத்த தரம் அதே பழுது வந்தால் திரும்பவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறார் என்று கேளுங்கள், திரையைப் பதிவு பண்ணி வையுங்கள். ஏஸ் லேப்பில் டிக்கெட், அதாவது இணையத்தில் உதவிக் கோரிக்கை, எழுதிப் போட வேண்டும். அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் கட்டுரைகளும் ஃபேர்ம்வெயர் கோப்புகளும் பெரிய சொத்து, படித்துப் பழகுபவருக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஆனால் கருவியோடு வரும் சப்போர்ட் ஒரு வருடத்துக்குத்தான், பிறகு காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் டாலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டாலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். கருவி வாங்கும் விலையோடு மூன்று வருடப் புதுப்பிப்பையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

இதில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். தொழிலுக்கு வந்து மூன்றாம் வருடம், காசு மிச்சம் பிடிக்கப் பாவித்த கருவி ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். கார்ட் நல்லது, வேலையும் செய்தது. ஒரு நாள் ஒரு டிஸ்க்கில் திகைத்து நின்று சப்போர்ட்டுக்கு எழுதினேன். அந்தக் கருவியின் இலக்கம் வேறு ஒருவருடைய பேரில் பதிந்திருக்கிறது, அவர் எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உதவலாம் என்று பதில் வந்தது. விற்றவரின் தொலைபேசி அதற்குள் வேலை செய்யவில்லை. டிஸ்க்கோ வாழைச்சேனைப் பக்கத்து ஆசிரியை ஒருவருடையது, இறந்துபோன அவருடைய கணவரின் படங்கள் அதில்தான். "மறுகா வாறன் மகன், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வெள்ளியும் வந்து போனார். கடைசியில் கொழும்பில் ஒரு நண்பரின் கருவியில் செய்து கொடுத்தேன். ஆறு கிழமை அவரை அலைக்கழித்தது இன்றைக்கும் எனக்கு மனக்கஷ்டம். பாவித்த கருவி வாங்குவதென்றால், உரிமை உங்கள் பேருக்கு மாறிவிட்டது என்று கொம்பனியிடமிருந்தே கடிதம் வந்த பிறகு காசைக் கொடுங்கள். உரிமப் பூட்டை உடைத்த (கிராக்) மென்பொருளோடு மலிவாக வரும் கருவிகளைத் தொடவே வேண்டாம். அவை டிஸ்க்கின் சர்வீஸ் ஏரியாவில் எழுதுபவை, பிழையாக எழுதினால் கேட்க ஆளில்லை.

நல்ல சப்போர்ட் கிடைப்பது பாதி உங்கள் கையில் இருக்கிறது. "சீகேட் ஒன்று வேலை செய்யுதில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் முதல் இரண்டு நாள் கேள்வி கேட்பதிலேயே போய்விடும். மாடல், ஃபேர்ம்வெயர் பதிப்பு, போர்ட்டில் அச்சடித்திருக்கும் இலக்கம், கரண்ட் கொடுத்ததும் எப்படிச் சத்தம் போடுகிறது, கருவியின் திரையில் ரெடி விளக்கு எரிகிறதா அல்லது பிஸியிலேயே நிற்கிறதா, இதுவரை நீங்கள் என்ன என்ன செய்தீர்கள், முழு லொக் கோப்பு (கருவி எழுதி வைக்கும் பதிவு), இவ்வளவையும் முதல் கடிதத்திலேயே அனுப்புங்கள். பிழை செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ரோமையும் சர்வீஸ் ஏரியாவையும் முதலில் பிரதி எடுத்து வைத்தேன் என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால் அவர்கள் உங்களை நடத்தும் விதமே மாறும். எந்த டிஸ்க்கிலும் எதையும் எழுதும் முன் அந்தப் பிரதியை எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

உங்கள் சீகேட் எந்த மாடல் என்று எழுதவில்லை. மெல்லிய இரண்டரை அங்குல ஒரு டெராபைட் என்றால் எஸ்டி1000எல்எம்035 ஆக இருக்கலாம், எங்கள் பக்கம் அதுதான் அதிகம் வருகிறது. அப்படி என்றால் ஒரு விஷயத்தில் கவனம். 2009 அளவில் சீகேட் 7200.11 டிஸ்க்குகள் ஃபேர்ம்வெயர்ப் பிழையால் திடீரென்று செத்தன. சீரியல் கேபிள் பூட்டி டெர்மினலில் நாலைந்து கட்டளை அடித்தால் எழும்பின. அந்த வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அதைப் பார்த்து இந்த மெல்லிய டிஸ்க்கில் அதே கட்டளைகளை அடிக்காதீர்கள். இது எஸ்எம்ஆர் டிஸ்க், தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற மொழிபெயர்ப்புப் பட்டியலை அந்தக் கட்டளை புதிதாகக் கட்டினால், பழைய பட்டியலோடு சேர்ந்து தரவுக்குப் போகும் வழியும் அழிந்துவிடும். அப்படி வந்த டிஸ்க் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். டிஸ்க் நலமாகச் சுழன்றது, அளவும் சரியாகக் காட்டியது, உள்ளே முழுக்கச் சுழியம்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை, மாரி வரப்போகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குகளைப் பலர் வெயிலில் காயவைத்து, கரண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். சாதாரண டிஸ்க்கில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை இருக்கிறது, அதால் தண்ணீர் உள்ளே போகும். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் படிந்துவிடும். நனைந்தது நனைந்தபடியே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, திறக்க வசதி உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மேசையில் இருக்கும் கல்யாண டிஸ்க். அது பழகுவதற்கு உரிய டிஸ்க் இல்லை, கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். டக் டக் என்று அடிக்கத் தொடங்கியிருந்தால் நேரே கொழும்புக்கு அனுப்புங்கள். இழுத்து இழுத்தாவது இன்னும் வாசிக்கிறது என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், இமேஜரில் போட்டு இரண்டு பேருமாக இருந்து பார்ப்போம், நீங்களும் ஒரு தரம் கண்ணால் கண்டதாக இருக்கும். அதற்கு முன் ஸ்டூடியோக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கல்யாணத்துக்குப் பாவித்த மெமரி கார்டுகள் எங்கே? பலர் கார்டை ஃபோர்மட் பண்ணிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கெமராவில் ஃபோர்மட் பண்ணினாலும் மேலே புதுப் படம் எழுதாத வரைக்கும் பழைய படங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே அவற்றை எடுத்துத் தந்துவிடும். கார்டுகளைக் கெமராவிலிருந்து உடனே கழற்றி, எஸ்டி கார்ட் என்றால் அதன் பக்கவாட்டில் இருக்கும், மேலே எழுதவிடாமல் தடுக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளி, உங்களிடம் தரச் சொல்லுங்கள். இந்தக் கிழமை அவருக்கு இன்னொரு கல்யாணம் இருந்தால் புதுக் கார்ட் வாங்கிப் பாவிக்கச் சொல்லுங்கள்.